கொடுத்தது ஒரு தடவை, காட்டினது ஆயிரம் தடவை

ரிச்சர்ட் கெரே - ஷில்பா ஷெட்டி முத்த மேட்டர் யாருக்காவது ஞாபகம் இருக்கிறதா? நம்மில் பெரும்பாலானோர் அப்போது பால்வாடிக்குப் போகிற வயசு, அதனால் தெரியாமல் இருந்தாலும் தப்பில்லை. ஆனால் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டிய கதை. ஒரு முத்தம், அதன் பின்னாலேயே பதினாறு வருஷம் கோர்ட், கேஸ், வாய்தா. சீரியல்காரர்களே இவ்வளவு இழுக்க மாட்டார்கள்.

2007 ஏப்ரல் 15. இடம் டெல்லியில் சஞ்சய் காந்தி டிரான்ஸ்போர்ட் நகர். பெயரிலேயே தெரிகிற மாதிரி லாரிகள் வந்து நிற்கிற பேட்டை. லாரி டிரைவர்களுக்கு எய்ட்ஸ் விழிப்புணர்வு நிகழ்ச்சி. வாரக்கணக்கில் வீட்டை விட்டு ரோட்டிலேயே இருப்பவர்கள் என்பதால், எச்.ஐ.வி. பரவலைப் பற்றிப் பேசும்போது இந்தியாவில் முதலில் பேச வேண்டியவர்களில் ஒருவராக லாரி டிரைவரைக் கருதினார்கள். அவர்களிடம் ஆணுறை, பரிசோதனை என்றெல்லாம் அரசு அதிகாரி மைக் பிடித்துப் பேசினால் யார் நின்று கேட்பார்கள்? அதனால் நட்சத்திரங்களைக் கூப்பிட்டார்கள். கெரே ஹாலிவுட் நடிகர், பல வருஷமாக எய்ட்ஸ் தடுப்புக்காக வேலை செய்துகொண்டிருந்தவர். ஷில்பா அந்த ஜனவரியில்தான் லண்டனில் 'செலிபிரிட்டி பிக் பிரதர்' ஜெயித்துவிட்டு வந்திருந்தார்.

மேடையில் கெரே ஷில்பாவை வளைத்துப் பிடித்து, கன்னத்தில் முத்தம் கொடுத்தார். ஒன்றோடு நிறுத்தவில்லை, சிலது. 'ஷேல் வீ டான்ஸ்' என்ற தன் படத்தில் வருகிற நடன அசைவைப் போலச் செய்தது என்று பிறகு விளக்கம் சொன்னார்கள். என்னைக் கேட்டால் அது கொஞ்சம் ஓவர்தான். கூட்டத்துக்கு முன்னால் ஒரு பெண்ணைச் சட்டென்று வளைப்பதற்கு முன்பு அந்தப் பெண்ணுக்கு அது தெரியுமா, சம்மதமா என்று கேட்கத் தோன்றுகிறது. ஆனால் அந்தக் கேள்வியை அன்றைக்கு யாரும் கேட்கவில்லை என்பதுதான் விசேஷம். எல்லோரும் கேட்டது வேறு கேள்வி: நம் கலாச்சாரம் என்ன ஆகிறது?

அந்த லாரிப் பேட்டையில் அன்றைக்குக் கலவரம் எதுவும் நடக்கவில்லை. கண் முன்னால் பார்த்தவர்கள் டிரைவர்கள். அவர்கள் பாட்டுக்குப் பார்த்துவிட்டுப் போனார்கள். கொடும்பாவி எரிந்தது மும்பையிலும் வாரணாசியிலும் மீரட்டிலும். வாரணாசிக்கும் டெல்லிக்கும் நடுவே எழுநூறு, எண்ணூறு கிலோமீட்டர் இருக்கும். அந்த முத்தம் அவ்வளவு தூரம் நடந்தா போனது? டிவி கொண்டுபோய்க் கொடுத்தது. சில வினாடிக் காட்சி. அதை மெதுவாக்கி, நிறுத்தி, மறுபடி ஓட்டி, கீழே சிவப்புப் பட்டையில் 'வெட்கக்கேடு' ரகத்தில் ஒரு தலைப்பு போட்டு, நாள் முழுக்க ஓட்டினார்கள். பிறகு கொடும்பாவி எரிப்பதையும் காட்டினார்கள். அதற்குப் பக்கத்து ஜன்னலில் திரும்பவும் அதே முத்தம்.

அதே வருஷம் ஜூலையில் இன்னொரு செய்தி வந்தது. இந்தியாவில் எச்.ஐ.வி.யோடு வாழ்பவர்கள் 50 லட்சத்துக்கு மேல் என்று அதுவரை சொல்லப்பட்டு வந்தது. புதிய கணக்கெடுப்பில் அது சுமார் 25 லட்சம் என்று தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு அறிவித்தது. பாதியாகக் குறைந்தது! அந்த நிகழ்ச்சி எதற்காக நடந்ததோ அந்த விஷயத்தில் அந்த வருஷத்தின் மிகப் பெரிய செய்தி இதுதான். உங்கள் அப்பா அம்மாவிடம் இரண்டையும் கேட்டுப் பாருங்கள். முத்தம் ஞாபகம் இருக்கும்.

சரி, கோர்ட்டுக்கு வருவோம். ஏப்ரல் 26 அன்று ஜெய்ப்பூர் நீதிமன்றம் ஒன்று இருவருக்கும் பிடிவாரண்ட் போட்டது. கெரே மன்னிப்புக் கேட்டு அறிக்கை விட்டார். 2008 மார்ச்சில் சுப்ரீம் கோர்ட் வாரண்டை நிறுத்திவைத்தது, விளம்பரத்துக்காகப் போடப்படும் இந்த மாதிரிப் புகார்களைக் கடிந்தும் கொண்டது. அதோடு முடிந்ததா? இல்லை. ராஜஸ்தான் கேஸ் 2017ல் மும்பைக்கு மாற்றப்பட்டது. 2022 ஜனவரியில்தான் மும்பை மாஜிஸ்திரேட் ஷில்பாவை விடுவித்தார். அதை எதிர்த்தும் மேலே போனார்கள். 2023 ஏப்ரலில் செஷன்ஸ் கோர்ட் அதைத் தள்ளுபடி செய்தது.

ஷில்பா மீது குற்றச்சாட்டு என்ன தெரியுமா? அவர் முத்தம் கொடுத்தார் என்பது அல்ல. கொடுக்கும்போது தடுக்கவில்லை, எதிர்ப்புக் காட்டவில்லை என்பது! விடுவிக்கும்போது மாஜிஸ்திரேட் சொன்ன காரணமும் கவனிக்க வேண்டியது: இவர் குற்றவாளி அல்ல, பாதிக்கப்பட்டவர். ஷில்பாவோ 2007லேயே, இதில் ஆபாசம் ஒன்றும் இல்லை, இவ்வளவு பெரிதாக்க வேண்டாம் என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். அதாவது, நம் ஊரில் முத்தம் வாங்கிய பெண் இரண்டில் ஒன்றாகத்தான் இருக்க முடியும். ஒன்று குற்றவாளி, இல்லை பாதிக்கப்பட்டவள். 'அது ஒரு விஷயமே இல்லை' என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போவதற்கு மூன்றாவது கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை.

இங்கே சட்டத்தைக் கொஞ்சம் பார்க்கலாம். (லா படிக்கிறவர்கள் தப்பு இருந்தால் காதைத் திருகலாம்.) அன்று இந்தியத் தண்டனைச் சட்டம் 294வது பிரிவு. 2024 ஜூலை 1 முதல் பாரதிய நியாய சன்ஹிதாவில் 296வது பிரிவு. பொது இடத்தில், பிறருக்கு எரிச்சல் உண்டாகும்படி ஆபாசமான செயலைச் செய்தால் மூன்று மாதம் வரை ஜெயில். இதில் இரண்டு சக்கரம் இருக்கிறது. செயல் ஆபாசமாக இருக்க வேண்டும், பிறருக்கு அதனால் எரிச்சல் உண்டாக வேண்டும். எது ஆபாசம் என்று சட்டம் சொல்லவே இல்லை. எந்தப் 'பிறர்' என்றும் சொல்லவில்லை.

இந்தப் 'பிறர்' யார் என்பதில்தான் எனக்குச் சந்தேகம். பழைய காலத்தில் 'பிறர்' என்றால் பஸ் ஸ்டாப்பில் பக்கத்தில் நிற்கிறவர். குழந்தையோடு வந்த அம்மா. பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்திருக்கும் தாத்தா. அவர்களுக்குச் சங்கடமாக இருந்தால் அது நியாயமான சங்கடம் என்றே நினைக்கிறேன். நான் ஒன்றும் நடுரோட்டில் எல்லோரும் கட்டிப்பிடித்துக்கொள்ளுங்கள் என்று கொடி பிடிக்க வரவில்லை. எங்கள் வீட்டில் டிவியில் முத்தக்காட்சி வந்தால் அப்பா ரிமோட்டைத் தேடுவார், அம்மாவுக்கு அடுப்பில் ஏதோ ஞாபகம் வரும், நான் செல்போனைப் பார்ப்பேன். அந்த வீட்டுப் பிள்ளைதான் நானும். ஆனால் பக்கத்தில் இருப்பவரின் சங்கடத்துக்கு ஒரு அளவு உண்டு, வைத்தியமும் உண்டு. ஒரு கனைப்பு, ஒரு முறைப்பு, 'தம்பி, சின்னப் பிள்ளைங்க இருக்காங்கல்ல' என்று ஒரு வார்த்தை. முடிந்தது. கேமரா வந்த பிறகு 'பிறர்' என்பவர் கோடிப் பேர். அந்த இடத்திலேயே இல்லாதவர், தன் வீட்டு சோபாவில் உட்கார்ந்து, சேனலை மாற்றாமல், ஐந்தாவது தடவையாகப் பார்த்துவிட்டு எரிச்சல் அடைபவர். அவருக்கு எரிச்சல் மூட்டியது யார்? முத்தம் கொடுத்தவரா, ஐந்து தடவை போட்டவரா?

2005 டிசம்பரில் மீரட்டில் நடந்தது இன்னும் மோசம். 'ஆபரேஷன் மஜ்னு' என்று பெயர் வைத்து (பெயரைப் பாருங்கள், படத்துக்கு வைப்பது மாதிரி) போலீஸ் ஒரு பார்க்குக்குள் போனது. பெண்களைக் கேலி செய்கிற பொறுக்கிகளைப் பிடிக்கவாம். பிடித்ததோ பெஞ்சில் ஜோடியாகச் சும்மா உட்கார்ந்திருந்தவர்களை. பெண் போலீசார் அந்தப் பெண்களின் கன்னத்தில் அறைந்தார்கள், முடியைப் பிடித்து இழுத்தார்கள். போகும்போதே டிவி கேமராக்களையும் அழைத்துக்கொண்டுதான் போயிருந்தார்கள். காட்சி நாடு முழுக்க ஓடியது, கண்டனம் எழுந்தது, போலீஸ் அதிகாரிகள் சிலர் சஸ்பெண்ட் ஆனார்கள். சேனல்களுக்குப் பெருமை, அநியாயத்தை அம்பலப்படுத்திவிட்டோமே என்று. அறை வாங்கிய பெண் துப்பட்டாவால் முகத்தை மூடப் படாதபாடு பட்டதையும் அவர்கள்தான் காட்டினார்கள். அதிகாரியின் சஸ்பென்ஷன் ஒருநாள் ரத்தாகும். அந்தப் பெண் வீட்டுக்குப் போய் என்ன சொல்லியிருப்பாள் என்று யாராவது யோசித்தார்களா?

2009 ஜனவரி 24, மங்களூரு பப் தாக்குதல். அங்கே அடி விழத் தொடங்கும்போதே கேமரா இருந்தது. பெண்களை அடித்து விரட்டுவது நாடு முழுக்கத் தெளிவாக ஓடியது. இத்தனை பேர் பார்த்த அந்த கேஸில் 2018 மார்ச்சில் குற்றம் சாட்டப்பட்டவர்கள் எல்லோரும் விடுதலை ஆகிவிட்டார்கள். படம் இருந்தது, சாட்சி இல்லை. உலகம் முழுக்க முகம் காட்டப்பட்ட ஒரு பெண் மறுபடி கோர்ட்டில் வந்து நின்று 'ஆமாம், அது நான்தான்' என்று சொல்வாளா, சொல்லுங்கள்?

நம்ம ஊர் மட்டும் என்ன சுத்தமா? அதே 2005ல் சென்னை நட்சத்திர ஹோட்டல் ஒன்றின் பார்ட்டியில், ஆடுகிறவர்களையும் முத்தமிட்டுக்கொள்கிறவர்களையும் எடுத்த படங்கள் தமிழ்ப் பத்திரிகையில் வந்தன. ஹோட்டல் பாரின் லைசென்சைப் போலீஸ் நிறுத்திவைத்தது. அந்த அறைக்குள் இருந்தவர்கள் யாரும் புகார் செய்ததாகத் தெரியவில்லை. புகார் செய்த 'பிறர்' எல்லாம் மறுநாள் காலையில் காபியோடு பேப்பர் படித்தவர்கள். அதே சமயத்தில்தான் குஷ்பு ஒரு பத்திரிகைக்குக் கொடுத்த பேட்டிக்காகத் துடைப்பம், செருப்பு எல்லாம் தெருவுக்கு வந்தது. இருபதுக்கும் மேற்பட்ட கேஸ். 2010 ஏப்ரலில் சுப்ரீம் கோர்ட் மொத்தத்தையும் ரத்து செய்தது. படித்துவிட்டுக் கோபப்பட்டவர்களை விட, படிக்காமலே கோபப்பட்டவர்கள்தான் அதில் அதிகம் என்று எனக்கு ஒரு சந்தேகம்.

கேரளாவில் 2014ல் இந்தச் சங்கிலி முழுசாகவே நடந்தது. கோழிக்கோட்டில் ஒரு காபி கடை. அங்கே 'ஒழுக்கக்கேடு' நடக்கிறது என்று ஜெய்ஹிந்த் டிவி ஒரு ஜோடி முத்தமிடும் காட்சியை அக்டோபரில் ஒளிபரப்பியது. உடனே ஒரு கும்பல் போய்க் கடையை அடித்து நொறுக்கியது. அதை எதிர்த்து, முத்தப் போராட்டம் என்று ஃபேஸ்புக்கில் அழைப்பு விட்டார்கள். நவம்பர் 2, கொச்சி மரைன் டிரைவ். முத்தமிட வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். எதிர்க்க வந்தவர்கள், அதைவிட முக்கியமாக வேடிக்கை பார்க்க வந்தவர்கள், ஆயிரக்கணக்கில். நடுவில் கேமராக்கள். போலீஸ் போராட வந்தவர்களைப் பிடித்து வேனில் ஏற்ற, வேனுக்குள்ளேயே முத்தமிட்டுக்கொண்டார்கள். அந்தப் படமும் நாடு முழுக்க வந்தது.

எனக்கு அந்தப் போராட்டத்தில் பாதி மனசுதான். கடையை உடைத்தவனுக்குப் பதில் சொன்ன தைரியம் பிடித்தது. ஆனால் ஒரு முத்தத்தைப் பத்து மைக்குக்கு முன்னால் வைத்துக் கொடுத்தால் அது முத்தமா, பேட்டியா? ஆதரித்தவர்களும் எதிர்த்தவர்களும் சேர்ந்து ஒரு நாள் முழுக்க டிவிக்கு இலவசமாகப் படம் எடுத்துக் கொடுத்தார்கள், அவ்வளவுதான். பிப்ரவரி 14 வந்தால் நம் ஊரில் சில அமைப்பினர் நாய்க்கும் நாய்க்கும் மாலை மாற்றிக் கல்யாணம் செய்துவைக்கிறார்களே, அதுவும் இதே கணக்கு. கேமரா வராத வருஷம் அந்த நாய்களுக்குக் கல்யாண யோகம் இருக்குமா என்பது சந்தேகம் :-)

இத்தனையும் 'நம் கலாச்சாரம்' பெயரில் நடக்கிறது. சரி, அந்தக் கலாச்சாரம் என்ன சொல்கிறது? ப்ளஸ் டூ தமிழ்ப் பாடத்தை மார்க்குக்காகப் படித்தவன்தான் நான், ஆனால் இரண்டு விஷயம் மண்டையில் நின்றுவிட்டது. ஒன்று, அகப்பாட்டில் காதலர்களின் பெயரைச் சொல்லக் கூடாது என்பது தொல்காப்பிய விதி. ஊர் வரும், மலை வரும், பூ வரும், தோழி வருவாள், தலைவன் இரவில் காட்டு வழியே வந்து தலைவியைச் சந்தித்துவிட்டுப் போவான். எல்லாம் உண்டு, பெயர் மட்டும் கிடையாது. பெயர் வந்துவிட்டால் அது அகப்பாட்டே இல்லை. காதலை மறைக்கவில்லை அவர்கள். ஆளைக் காட்டிக்கொடுக்கவில்லை.

இன்னொன்று, ஊர்ப் பேச்சுக்கு அவர்களிடம் தனிப் பெயரே இருந்தது. அம்பல், அலர். யார் யாரோடு என்று தெரியாமல் முணுமுணுப்பது அம்பல், அரும்பு மாதிரி. இன்னாள் இன்னானோடு என்று வெளிப்படையாகப் பேசிவிட்டால் அலர், விரிந்த பூ மாதிரி. காதலில் விழுவது அல்ல, அந்த அலர்தான் தலைவியை வதைக்கும். வாய்க்கு வந்தபடி பேசும் பெண்களையும் அந்த ஊரையும்தான் பாட்டில் வைவார்கள். அந்த அலரிலாவது ஒரு நல்லது நடக்கும். ஊர் பேசத் தொடங்கிவிட்டது, சீக்கிரம் வந்து கல்யாணம் பண்ணிக்கொள் என்று தோழி தலைவனை நெருக்குவாள். டிவி தூற்றும் அலர் கொண்டுபோய் விடும் இடம் போலீஸ் ஸ்டேஷன்தான்.

பாட்டு வேண்டாம், பேச்சு வழக்கையே எடுங்கள். 'கண்டும் காணாமல் போவது' என்று ஒன்று சொல்வோமே, அது எவ்வளவு நாகரிகமான பழக்கம்! பார்க்காததல்ல, பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி நகர்வது. மெரினாவில் படகு நிழலில் உட்கார்ந்திருக்கும் ஜோடியைச் சுண்டல் விற்கிறவர் நமக்கு நினைவு தெரிந்த நாளாகக் கண்டும் காணாமல்தான் போய்க்கொண்டிருக்கிறார். அவரை விடக் கலாச்சாரக் காவலர் யார் இருக்கிறார்கள்? (சில சமயம் அவரே வம்புக்குச் சுண்டலை நீட்டி வாங்கச் சொல்வார், அது வியாபாரம், விடுங்கள்.)

டெல்லி ஹைகோர்ட் 2009 மே மாதம் ஒரு தீர்ப்புக் கொடுத்தது. துவாரகாவில் மெட்ரோ ரயில் தூண் அருகே முத்தமிட்டுக்கொண்டிருந்ததாக ஒரு இளம் தம்பதி மீது போலீஸ் 294 போட்டிருந்தது. வழியில் போனவர்களுக்குச் சங்கடமாக இருந்ததாம். நீதிபதி முரளிதர், எப்.ஐ.ஆர். சொல்வதை அப்படியே உண்மை என்று வைத்துக்கொண்டாலும், இளம் தம்பதியர் அன்பை வெளிப்படுத்துவது எப்படி ஆபாசக் குற்றமாகும் என்று கேட்டு எப்.ஐ.ஆரை ரத்து செய்தார். 'தம்பதி' என்ற சொல் அதில் எவ்வளவு வேலை செய்தது, கல்யாணம் ஆகாதவர்கள் என்றால் என்ன ஆகியிருக்கும் என்பது வேறு கேள்வி. எனக்குப் பிடித்தது அதுவல்ல. அந்த வழக்கின் தலைப்பில் அவர்கள் பெயர் இல்லை. 'ஏ மற்றும் பி' என்றுதான் இருக்கிறது. தொல்காப்பியர் பார்த்திருந்தால் பாஸ் மார்க் போட்டிருப்பார்.

இப்போது சேனல்காரன் வேண்டியதில்லை, எல்லோர் கையிலும் கேமரா. கடற்கரையில் மைக்கோடு பெண்களைச் சுற்றும் யூட்யூப் கூட்டமும் வந்துவிட்டது. 2021 ஜனவரியில் பெசன்ட் நகர் கடற்கரையில் பெண்களிடம் ஆபாசமாகக் கேள்வி கேட்டு வீடியோ போட்ட சேனல் ஒன்றின் ஆட்கள் மூன்று பேரைச் சென்னைப் போலீஸ் கைது செய்தது. அதற்குப் பிறகும் மைக்குகள் குறையவில்லை.

சட்டத்தில் ஒரு வேடிக்கை உண்டு. ஒரு பெண்ணை அவளுக்குத் தெரியாமல் படம் எடுப்பது குற்றம் என்று 2013ல் சட்டம் வந்தது, இப்போது சன்ஹிதாவில் 77வது பிரிவு. ஆனால் அது 'அந்தரங்கச் செயல்' நடக்கும்போது எடுத்தால்தான். குளியலறை, உடை மாற்றும் இடம், அந்த மாதிரி. பார்க் பெஞ்சில் தோளில் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் பெண்ணை மரத்துக்குப் பின்னால் நின்று ஜூம் செய்து எடுப்பவனிடம் அந்தப் பிரிவு போகாது. பொது இடமாயிற்றே! ஆக அதே பெஞ்சில், அதே நிமிஷத்தில், சாய்ந்தவள் மீது 296 போட முடியுமா என்று ஒரு கான்ஸ்டபிள் யோசிக்கலாம். எடுத்தவனிடம் யோசிக்கக் கூட எதுவும் இல்லை. அவன் 'சமூக அக்கறை'யோடு எடுத்தவன்.

போன பிப்ரவரியில் நம் க்ளாஸ் வாட்ஸப் குரூப்புக்கு வந்த வீடியோ உங்களில் பாதிப் பேருக்குத் தெரியும். பத்துப் பன்னிரண்டு வினாடி. ஏதோ ஒரு பார்க், ஒரு பெஞ்ச், முத்தம் கூட இல்லை, பையன் அவள் தலையில் இருந்த இலையை எடுக்கிறான். அவ்வளவுதான். கீழே ஒருத்தன் 'கலாச்சாரம் எங்கடா போகுது' என்று எழுதி, சிரிக்கிற பொம்மை ஐந்து போட்டிருந்தான். அட்மின் அழிப்பதற்கு இருபது நிமிஷம் ஆனது. அதற்குள் 'எந்த காலேஜ்டா?' என்று ஒரு கேள்வியும், பதிலாக இரண்டு பெயர்களும் வந்திருந்தன.